ரூபியின் தொட்டியும் வெறும் டப்பாவும்

மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் எனக்கு உட்கார இடம் கிடையாது. அங்கே ரூபியின் கடல் இருக்கிறது. ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, மேலே நீல விளக்கு, கீழே ஓயாமல் இரைகிற மோட்டார். குற்றாலச் சீசனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அருவிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, மீனே காணோமே என்பார்கள். தொட்டி மீனுக்கல்ல, உயிரோடு வளர்கிற பவளத்துக்கு. இதை விளக்கி விளக்கியே என் தொண்டை வற்றிவிட்டது.

ரூபி என் மனைவி. தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர் என்ன கத்து கத்தினாலும் தலை நிமிராமல் வேலையைப் பார்ப்பாள். யார் மனமும் கோணப் பேசத் தெரியாது. கல்யாணம் பேசும்போது அதைப் பெரிய நல்ல குணமாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

தொட்டியில் எத்தனையோ இருந்தாலும் அவள் உயிரை வைத்திருந்தது ஒரு நீலக் கிளைப் பவளத்தின் மேல். வெளிநாட்டில் தொட்டியிலேயே வளர்த்து விற்கிற வகை. நகத்தளவு துண்டாக வந்து, சில வருஷங்களில் விரித்த கை அளவுக்குக் கிளைவிட்டது. அது போனால் தொட்டியைக் காயப்போட்டுவிடுவேன் என்று ஒருமுறை சொன்னாள். அவள் சும்மா எதையும் சொல்கிறவள் அல்ல.

போன சீசனில் அந்த நீலம் வெளிறத் தொடங்கியது. உப்பைச் சோதித்தாள், விளக்கை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள். தண்ணீர் மாற்றினாள் என்றால் குடம் குடமாகத் தூக்கியவன் நான் என்று அர்த்தம். குற்றாலத்தில் எனக்குப் பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் நாலு காசு பார்க்கிற நேரத்தில் நான் வீட்டில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கிளைகளில் வட்ட வட்டமாகச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்தாள். ஏதோ கடித்த தடம். இங்க் பில்லரால் தண்ணீரை வேகமாகப் பீச்சினாள். கிளையிலிருந்து செதில் போல ஒன்று பிய்ந்து மிதந்தது. அதைக் கடைக்கு எடுத்துப்போய், போன் போர்டு பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். தட்டைப்புழு. பவளத்தைத் தின்று பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும். கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியாது. கிளையின் அடியில் பழுப்பு நிறத்தில் முட்டைக் கூட்டம் வேறு.

அயோடின் கலந்த மருந்துத் தண்ணீரில் முக்கினால் புழு உதிர்ந்துவிடும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் இந்தச் சனியனின் சாமர்த்தியம். ஆகவே கிளைப் பவளம் அத்தனையையும் வெளியே எடுத்து, முக்கி, முட்டையைச் சுரண்டி, செத்துப்போன அடிப்பகுதியை வெட்டி எறிந்து, தனித் தொட்டியில் வைக்க வேண்டும். மிஞ்சிய முட்டை பொரிவதற்காகக் காத்திருந்து, வாராவாரம் மறுபடி முக்க வேண்டும். பெரிய தொட்டியில் தின்ன ஒன்றும் இல்லாமல் மிச்சப் புழு பட்டினியில் சாகும். இதையெல்லாம் ரூபி பிசகாமல் செய்தாள். சீசன் முடிந்து, கூட்டம் கலைந்து, ஒரு புழுகூட உதிராத வாரங்கள் வந்த பிறகுதான் பவளத்தைப் பெரிய தொட்டிக்குத் திருப்பினாள்.

அப்போது வந்தார் ஆவுடைநாயகம் அண்ணாச்சி. சுந்தரபாண்டியபுரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரூபியின் தொட்டியைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானும் ஒன்று வைத்தவர். முந்தின வருஷம் அவருக்கு அந்த நீலத்தில் ஒரு கிளையை ஒடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள். குழம்பு வந்த பாத்திரத்தையே வெறுமனே திருப்பாத ஊர் இது. அவர் அதே டப்பாவில் ஒரு பச்சைக் கிளையோடு வந்து, தொட்டி சுகமாகிவிட்டதில் சந்தோஷப்பட்டு, தன் கையாலேயே அதை உள்ளே பாறையில் பசை வைத்து ஒட்டினார். ரூபி சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியிலிருந்து எது வந்தாலும் மருந்தில் முக்காமல் உள்ளே விடக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தவளே அவள்தான். அவர் போனதும் கேட்டேன்.

"அவரு முன்னாடி எப்படி முக்க? உங்க வீட்டுச் சாமான்ல பூச்சி இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுத மாதிரில்லா இருக்கும்" என்றாள்.

சரி, இப்போதாவது எடுத்து முக்கு என்றேன். அதற்குள் பாறையோடு பசை பிடித்துவிட்டது, அண்ணாச்சி சுத்தமான ஆள், ஒன்றும் இருக்காது என்றாள்.

இருந்தது. பச்சைக் கிளையில் முதலில், பிறகு நீலத்தில். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொட்டியைத் தூக்கி வாய்க்காலில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. மறுபடி வெளியே எடு, முக்கு, சுரண்டு, வெட்டு. ஏற்கெனவே நொந்திருந்த நீலம் இந்தமுறை தாங்கவில்லை. கை அளவு இருந்தது மூன்று விரலாகி, ஒரு விரலாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது அந்த விரலும் சுண்ணாம்பாக நின்றது. ரூபி அழவில்லை. மோட்டாரை நிறுத்தட்டுமா என்று மட்டும் என்னிடம் கேட்டாள். முன்னறை எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

நிறுத்த வேண்டாம், முதலில் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்வோம் என்று வண்டியில் கூட்டிப்போனேன். அவருடைய தொட்டியும் வெளுத்துக்கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் விரல் நீளத்துக்கு நீலம். ரூபி கொடுத்ததுதான். எங்கள் கதையைக் கேட்டதும் அவர் அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் நீட்டினார்.

ரூபி டப்பாவை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணம் கேட்டாள். அதில் அவருடைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பையிலிருந்த மருந்தைக் கலந்து, அவர் கண் முன்னாலேயே நீலத்தை முக்கினாள். பில்லரால் பீச்சப் பீச்சப் புழுக்கள் உதிர்ந்தன.

அண்ணாச்சி அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"நீ குடுத்த அன்னைக்கே இதுல ரெண்டு கெடந்துதும்மா. நானா மருந்துல முக்கிப் போட்டேன். செத்துருச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

"ஆசையாக் குடுத்த பொருள்ல புழு இருக்குன்னு எப்படிம்மா சொல்ல?"

ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால், முட்டை சாகாது, திரும்ப முக்குங்க என்று இவள் சொல்லியிருப்பாள். ஒரு வார்த்தை இவள் சொல்லியிருந்தால் இரண்டாவது சுற்றே வந்திருக்காது. இரண்டு பேருடைய மரியாதையைத் தின்றுதான் அந்தப் புழு கொழுத்திருக்கிறது. வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவர் வீட்டுக் காப்பியைக் குடித்தேன்.

ரூபி அடியை வெட்டி எறிந்துவிட்டு நுனியை மட்டும் எடுத்துக்கொண்டாள். நகத்தளவு. முதலில் வந்தபோது இருந்த அதே அளவு. இப்போது தனி வாளியில் இருக்கிறது. வாராவாரம் முக்குகிறாள். அண்ணாச்சிக்கும் சொல்லிக்கொடுத்து அவர் தொட்டியையும் பட்டினி போட வைத்திருக்கிறாள்.

அந்த நுனி வந்த மறு வாரமே அவருடைய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கை சும்மா இருக்காமல், நாலு மங்குஸ்தானாவது போடட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், இந்தத் தடவை வெறுமனே போகட்டும் என்றாள். அண்ணாச்சி டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தார். கழுவித் துடைத்த வெறும் டப்பா.

"நல்லதும்மா" என்று இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டார்.