கட்டுவிரியனுக்கு இரண்டு புள்ளி

திரிசலா பாம்பு வரைந்தால் செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் ராஜகிரி உச்சிக்கு ஓடிப்போய் ஒரு வாரம் இறங்காது. சரி, கூட்டித்தான் சொல்கிறேன். ஓடியது ஒரே குரங்கு. அதுவும் அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. ஆனால் படம் உயிரோடு இருக்கும். அதில் பொய்யில்லை.

செஞ்சியில் அரிசி மண்டி வைத்திருக்கும் ரிஷபனின் மகள் அவள். டாக்டருக்குப் படித்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மேற்படிப்பில் கடைசி வருஷம். இரவும் பகலும் வார்டிலேயே கிடக்கிறவர்களுக்குப் புத்தகம் புரட்ட ஏது நேரம்? வகுப்பு முடிந்ததும் பாடம் முழுவதையும் ஒரே தாளில் படமாகப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுவாள். ஜூனியர்கள் போனில் பிடித்துக்கொண்டு டீ குடிக்கும்போதும் பார்ப்பார்கள்.

"படிச்சா நிக்காததெல்லாம் அக்கா படத்தப் பாத்தா நிக்குது" என்பான் முதல் வருஷத்து விமல்ராஜ்.

பாம்புக்கடிப் பாடத்துக்கும் போட்டாள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன். பக்கத்தில் ஒரு பாதம், அதில் சிவப்பாக இரண்டு புள்ளி. கட்டுவிரியன் கடித்தால் சில சமயம் தடமே இருக்காது, வயிற்றுவலியும் தொங்கும் இமையும்தான் இருக்கும் என்பதும் பாடத்தில் வந்ததுதான். இல்லாத ஒன்றை எப்படி வரைவது? தாளிலும் இடமில்லை. விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பச்சைமுத்து வந்தார். செஞ்சிக்காரர், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். வயிற்றைப் பிடித்திருந்தார், தூங்கி வழிகிறவர் போல இமை தொங்கியது. பாம்பாக இருக்குமோ என்று விமல்ராஜ் யோசிக்கத்தான் செய்தான். அதுதான் கொடுமை. டார்ச் அடித்து இரண்டு பாதத்திலும் தேடினான். புள்ளி இல்லை. அல்சர் என்று ஊசி போட்டுப் படுக்கவைத்தான். திரிசலா வார்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றியும் பலிக்கவில்லை.

"உங்க படம் அப்படியே கண்ணு முன்னாடி நின்னுச்சுக்கா" என்றான் விமல்ராஜ், சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு புள்ளியத் தேடிக்கிட்டே இருந்தேன்."

அவன் பழி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும்.

சுவரில் இருந்ததைக் கிழித்தாள். போன்களில் இருப்பதை எப்படிக் கிழிப்பது? புதிதாக ஒன்று போட்டாள்: புள்ளியில்லாத பாதம், வயிற்றில் கை, பாதி மூடிய கண், கட்டுவிரியன் ராத்திரியில் பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும் என்பதால் தரையில் பாய் விரித்துப் படுத்த ஆள். இதுவாவது சரியாக வந்தால் மறுபடி பென்சிலைத் தொடுவது, இல்லையென்றால் இல்லை. அப்படி முடிவுகட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள், நேரே பச்சைமுத்து வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி ஜெயசுதா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். திரிசலா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஜெயசுதா திட்டவில்லை. மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டுத் தாளை வாங்கினாள்.

"இன்னா டாக்டரம்மா, இது அவரா? தலையில இத்தினி முடி வச்சிருக்கிற. அந்த மனுசனுக்கு எப்பவோ வழுக்கை."

"யாரா வேணா இருக்கலாம்க்கா. இனிமே இதப் பாக்குற எந்த டாக்டரும் ஏமாற மாட்டாங்க."

ஜெயசுதா பாயில் படுத்திருந்த ஆளின்மேல் விரல் வைத்தாள்.

"தரையில இல்ல டாக்டரம்மா. அவரு கட்டில்லதான் படுத்திருந்தாரு. போர்வைதான் கீழ தொங்கிச்சு, அதப் புடிச்சித்தான் ஏறியிருக்கும்."