வார்னிங்கை அடக்கிய பூஜ்ஜியம்

காலை பதினொன்று இருபதுக்கு மகள் மதுரை விடுதியிலிருந்து கூப்பிட்டாள். குரல் அடைத்திருந்தது. என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்று வைத்துவிட்டாள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

காரைக்குடி வீட்டிலிருந்தபடியே நான் கணினி இயங்குதளத்தின் கருவான கர்னலில் வேலை செய்கிறேன். கணினியின் நினைவகத்தை நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி. அன்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்னிங் காட்டிக்கொண்டிருந்தது: ஒரு மாறி, மதிப்பே பெறாமல் விடையாகத் திரும்பிப் போகக்கூடும். எங்கள் குழுவில் இதற்குக் கைமருந்து, தொடக்கத்திலேயே ஒரு பூஜ்ஜியம். பிள்ளையார் சுழி என்போம். மனம் மகளிடம் இருக்க, கை சுழியைப் போட்டது. வார்னிங் போய்விட்டது.

கணவர் விடுப்பில் வீட்டில் இருந்தார்.

"அவ குரலே சரியில்ல. நீங்க ஒரு தடவ பேசிப் பாக்குறீகளா?"

"ஒண்ணுமில்லனுதானே சொன்னா? நீயும் ஒங் கம்பைலரு மாதிரிதான். எதுக்கெடுத்தாலும் ஒரு வார்னிங்கு."

"அது வாய மூடிருச்சு."

"அப்ப அதப் பாத்துக் கத்துக்க."

குழுவுக்கு அனுப்புமுன் நிரலை மீண்டும் படித்தேன். நினைவகத்தில் இடம் கிடைக்காமல் போகும் ஒரு கிளையில்தான் அந்த மாறிக்கு மதிப்பு இல்லை. கர்னலில் பூஜ்ஜியம் திரும்பி வந்தால், பிழை ஒன்றுமில்லை என்று பொருள். இடமே கிடைக்காதபோதும் என் சுழி 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். இடம் கேட்ட நிரல் அதை நம்பி இல்லாத இடத்தில் எழுதப் போய், மொத்தக் கணினியும் நின்றுபோகும்.

ஒண்ணுமில்லம்மா.

சுழியை அழித்து, அந்தக் கிளையில் 'இடம் இல்லை' என்பதற்கான பிழை எண்ணை எழுதினேன். உடனே மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "ஒண்ணுமில்லங்கிறத மட்டும் சொல்லாத. என்னன்னு சொல்லு" என்று செய்தி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. மூன்று மணிவரை பதில் வரவில்லை.

கணவர் விடுதிக்குப் பேசினார். பையோடு இப்போதுதான் கிளம்பினாள் என்றார்கள். அதன்பிறகு அவர் கேலி பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றார். நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள், எந்தப் பேருந்தில் ஏறினாள், எதுவும் தெரியாது.

பொழுது சாயும்போது கணவரின் வண்டிச் சத்தம் கேட்டது. பின்னிருக்கையில் மகள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னால அங்க முடியலம்மா" என்றாள். "ரொம்ப நாளாவே முடியல."