தம்பியின் லாண்டரியும் செயலாளரின் மூக்கும்

ஊர் பேசுகிற அளவுக்கு என் தம்பி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. நாற்பது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சங்கத்துக்குச் சொந்தமான ஓர் அறையில், பதினொரு வருடம் நான்கு மாதம் லாண்டரி நடத்தினான். ஒரு மெஷின், ஓர் உலர்த்தி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, நான். மெஷினும் உலர்த்தியும் அடிக்கடி நின்றுவிடும். நான் நின்றதில்லை.

துணி விஷயத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. காலரைப் பார்த்தே அந்த மனிதர் வேலைக்குப் பஸ்ஸில் போகிறாரா, நடந்து போகிறாரா என்று சொல்வான். தலையணை உறையைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வெளியே ஒரு வார்த்தை வராது. புதிதாக யார் வந்தாலும் வந்த வரிசைப்படி ஓர் எண். அதைத் துணியின் உள்ஓரத்தில் அழியாத மையில் கடுகளவு எழுதுவான். பெயர் எழுதமாட்டான், வீட்டு எண்ணும் எழுதமாட்டான். வெள்ளைத் துணி மொத்தமும் சனிக்கிழமை ஒன்றாக வெந்நீரில் போகும். மற்ற நாட்களில் கலர் துணி. அவன் அறிந்த மதங்கள் இரண்டுதான்: சாயம் போவது, சாயம் போகாதது.

மூன்றாம் மாடிக்கு நர்ஸ் ஒருவர் குடிவந்தார். கூடவே படுத்த படுக்கையாக அவருடைய அப்பா. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு மாற்ற வேண்டும். எண் ஐம்பத்திரண்டு. அவர்கள் வேறு மதம். கட்டடத்தில் மற்ற எல்லோரும் ஒரே மதம், நாங்களும் அதுதான். எங்கள் மதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். கட்டடத்தில் வேறு யாரைக் கேட்டும் பயனில்லை.

முதல் சனிக்கிழமை நானே சொன்னேன். "டேய், அவங்க துணியக் கடைசியில தனியாப் போட்டுடேன்."

"ஏன்க்கா?"

"சும்மாதான். யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

"யாராவது சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிட்டியே" என்றான்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைப் பற்றி எழுதுவது முறையில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த 'யாராவது' மூன்றாவது வாரம் வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாலு பேர் சேர்ந்து நின்றாலே பேச ஆரம்பித்துவிடுவார் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் மைக் என்று பெயர். கூட ஐந்தாம் மாடி அத்தை. ரத்த உறவில் யாருக்கும் அத்தை இல்லை, அதனால் எல்லோருக்கும் அத்தை.

"தம்பி, அந்த மூணாம் மாடி அம்மா துணியும் எங்க துணியும் ஒரே மெஷின்லயா சுத்துது?"

"இருக்கறதே ஒரு மெஷின்தானே சார்."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. நான் பரந்த மனசுக்காரன். மத்தவங்க மனசு ஒப்பணும்ல."

"எனக்கு ஒப்பல" என்றார் அத்தை, அதற்கென்றே அழைத்து வரப்பட்டவர் போல.

"தொண்ணூறு டிகிரி வெந்நீர் அத்தை. கிருமியே பிழைக்காது."

"கிருமி போயிடும். மதம் போகுமா?"

"உங்களோடது பதினோரு வருஷமா போகலையே."

அத்தைக்கு இது புகழ்ச்சியா கிண்டலா என்று பிடிபடவில்லை. மைக்குக்குப் பிடிபட்டது. குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம். இந்த அறைய மறுபடி உனக்கே விடறதா வேணாமான்னு கை தூக்கப் போறோம். அதுக்குள்ள அந்தம்மாகிட்ட துணி வாங்கறத நிறுத்து. நிறுத்தினா அறை உனக்கு. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எல்லாம் அவர் பண்ணுவதுதான்.

செய்தி மூன்றாம் மாடிக்கு எப்படிப் போனதோ, மறுநாள் நர்ஸ் பையோடு வந்து வாசலிலேயே நின்றார். "தம்பி, இந்த ஒரு தடவை மட்டும் போட்டுக் குடுங்க. அப்புறம் கையிலயே துவைச்சுக்கறேன். என்னால உங்க பொழப்பு கெட வேணாம்."

விரிப்புகளை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து அலசித்தான் எங்களிடம் கொடுப்பார். கறையை நாங்கள் பார்த்துவிடக் கூடாதாம். அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தம்பி பையை வாங்கி ரசீது எழுதினான்.

"சனிக்கிழமை சாயங்காலம் ரெடி நர்ஸக்கா. அடுத்த பையையும் அப்பவே கொண்டாந்துடுங்க."

சனிக்கிழமை காலை மைக் சோதனைக்கு வந்தார், அத்தையும் கூடவே. மேசையில் வெள்ளைத் துணி மலைபோல் கிடந்தது, இன்னும் துவைக்காதது.

"அப்ப நிறுத்தல. எல்லாத்தையும் கலந்து வேற வெச்சிருக்க."

"எனக்குக் கலர் பிரிக்கத்தான் தெரியும் சார். மதம் பிரிக்கத் தெரியல. நீங்க பிரிச்சுக் குடுங்க, தனித்தனியாப் போடறேன்."

"இதென்ன பெரிய வித்தையா. அவங்க துணிக்குன்னு ஒரு வாடை உண்டு. மூக்கு இருந்தாப் போதும்."

பிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, பிரார்த்தனை செய்கிற பக்தியோடு மோந்து பார்த்தார். அத்தை பக்கத்தில் நின்று தலையாட்டினார். இருபத்தேழு துணியை மோந்து ஆறைத் தனியே எறிந்தார்.

"இதுங்கதான். குடலைப் புரட்டுது."

தம்பி ஆறையும் எடுத்து உள்ஓரத்தைத் திருப்பி நிதானமாகப் படித்தான். "ஏழு. ஏழு. பத்தொன்பது. ஏழு. முப்பது. பத்தொன்பது."

முப்பது சங்கத் தலைவர் வீடு. பத்தொன்பது அத்தை. ஏழு மைக்கின் வீடு. அந்த மூன்றில் ஒன்று, அவர் பிரார்த்தனைக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துண்டு. ஐம்பத்திரண்டின் விரிப்புகளை அவர் மோந்து பார்த்து, சுத்தம் என்று நம் பக்கம் சேர்த்திருந்தார்.

சிரிப்பை அடக்க முடியாமல், சட்டை கருகிவிடுமே என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அத்தை தன் விரிப்பை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மைக் மட்டும் அசரவில்லை. "பாத்தியா? மூணு வாரம் சேர்த்துத் துவைச்சதுல எங்க துணிக்கும் ஒட்டிக்கிச்சு."

தம்பி அத்தனை துணியையும் வாரி மெஷினுக்குள் போட்டான். அத்தையின் கக்கத்தில் இருந்ததையும் கேட்டு வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நானே எண்ணினேன். தம்பிக்கு ஆதரவாகப் பதினான்கு, எதிராக இருபத்தொன்று. ஐந்து வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. அத்தை முதலில் ஆதரவாகத்தான் கை தூக்கினார். மைக் திரும்பிப் பார்த்ததும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டு, பிறகு எதிராகத் தூக்கினார். அதனால் திருத்தி எண்ணினேன்.

ஒரு மாதத்தில் காலி செய்தோம். எதிர்த் தெருவில், முன்பு சாவி செய்கிறவர் இருந்த ஒடுக்கமான கடை கிடைத்தது. கதவு நிலையைப் பெயர்த்துத்தான் மெஷினை உள்ளே தள்ள முடிந்தது. தள்ளியவர்களில் இரண்டு பேர் நர்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த ஆட்கள்.

"அக்கா, அந்தப் பைய வாங்காம இருந்திருந்தா?" என்று தம்பி கேட்டான்.

"அன்னிக்கே நான் வேலைய விட்டிருப்பேன்" என்றேன். பொய்தான். எங்கே போவேன்? ஆனால் அவன் முகம் தெளிந்தது.

இரண்டாவது வாரம் மைக்கின் மனைவி ஒரு பெரிய பையோடு வந்து, தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்.

"அவருக்குத் தெரியாது. நானே துவைக்கிறதா சொல்லியிருக்கேன். சனிக்கிழமை குடுத்துடுங்க."

"நர்ஸக்கா வீட்டு விரிப்போடதான் சுத்தும் அண்ணி. முன்னாடியே சொல்லிடறேன்."

அவர் பையிலிருந்து அந்த வெள்ளைத் துண்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது அடிக்கிற நாத்தம் எனக்குத்தான் தெரியும். ஆட்சேபணை இருந்தா அவங்கதான் சொல்லணும்."

தம்பி ரசீதுப் புத்தகத்தை இழுத்து ஏழு என்று எழுதினான்.