மத்தியானம் ரெண்டு மணிக்கு என் பேர்

"...எல்லாரும் அரை மணி நேரம்னா நீங்க மட்டும் ரெண்டு மணி நேரம்ணா! நான் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு மணிக்கு உங்க பேரு. நாலு மணிக்குத்தான் கும்பிடு போட்டீங்க. அதுவரைக்கும் எங்களுக்காக முட்டி போட்டிருக்கீங்க..."

போன வியாழக்கிழமை, செங்கம் ரோட்டில், ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சொன்னாள்.

ஸ்டெல்லா எங்கள் சபைப் பெண். வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற ஒரு கஃபேயில் சமையல்கட்டு வேலை. கணவர் சேகர் ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை ஜாஸ்தியாகி, காலில் புண் வந்து, அது ஆறாமல் போய், வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

உடனே சபையில் சங்கிலி ஜெபம் அறிவித்தார் பாஸ்டர். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சார்ட் பேப்பரில் இருபத்து நாலு மணி நேரத்தையும் அரை மணி, அரை மணியாகக் கட்டம் போடுவார்கள். ஒரு கட்டத்துக்கு ஒருத்தர். நம் நேரம் வந்ததும் வீட்டிலேயே முட்டி போட்டு ஜெபிக்க வேண்டும். முடித்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கும்பிடு. ஒருத்தர் விட்ட இடத்தில் அடுத்தவர்... நாள் முழுக்க சங்கிலி அறாது.

இது எதற்கு, ஆண்டவருக்கு ஒரு தடவை சொன்னால் காது கேட்காதா என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். ஸ்டெல்லாதான் பதில் சொன்னாள். "அண்டா சோத்தை ஒரே ஆளு தூக்கினா இடுப்பு போயிடும்ணா. ஆளுக்கு ஒரு காது புடிக்கணும்." எழுதி வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி பேச்சுக்கு நான் அடிமை — உங்களுக்குத்தான் தெரியுமே.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சார்ட்டைச் சுற்றி ஒரே கூட்டம். விடியற்காலை மூணு மணியை ரோஸி அக்கா எடுத்துக்கொண்டார். வயது எழுபதுக்கு மேல். நான் ரொம்ப யோசித்து மத்தியானம் ரெண்டு மணியில் என் பேரை எழுதினேன். அழகான கையெழுத்தில். பத்து பேர் பார்க்கிறார்கள் இல்லையா?

"அண்ணன் வேலையெல்லாம் விட்டுட்டு உக்காரப் போறாரு" என்றார் பாஸ்டர். நானும் தலையை ஆட்டினேன்.

என்ன வேலை? சாப்பாட்டு வேலைதான். ஜெபத்தன்றைக்கு வீட்டில் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம். ஒன்றே முக்காலுக்குக் கை கழுவினேன். இன்னும் கால் மணி இருக்கிறதே என்று ஃபேனுக்கு அடியில் சாய்ந்தேன்...

கண் திறந்தபோது மணி நாலு.

குரூப்பைப் பார்த்தேன். வரிசையாகக் கும்பிடுகள். எனக்கு அடுத்த கட்டம் ஞானம். அவர் தன் நேரத்துக்குச் சரியாகத் தொடங்கி முடித்திருந்தார். என் கும்பிடு மட்டும்தான் இல்லை. சட்டென்று நானும் ஒன்று போட்டுவிட்டேன். ஒரு எழுத்துகூடக் கிடையாது. கூப்பிய இரண்டு கை, ஒரு சின்ன மஞ்சள் படம். வாயைத் திறக்காமலே பொய் சொல்ல இப்போது வசதி வந்துவிட்டது.

போட்ட பிறகாவது ஜெபித்தேனா? இல்லை. காபி குடித்தேன்.

அந்த ரெண்டு மணிக்குத்தான் சேகரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்களாம்.

"வெளிய பெஞ்சுல நான் மட்டும்தான்ணா. சார்ட்டு போட்டோ போன்ல இருந்துச்சு. உங்க பேரு மேல விரல வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அரை மணி ஆச்சு, உங்க கும்பிடு வரல. ஞானம் அண்ணன் கும்பிடு வந்துச்சு, அப்பவும் உங்களுது வரல. சரி, அண்ணன் இன்னும் எழுந்திருக்கல, எனக்காக மன்றாடுறாருன்னு நெனச்சுக்கிட்டேன். நாலு மணிக்கு வந்துச்சு பாருங்க... அடுத்த நிமிஷம் டாக்டர் வெளிய வந்துட்டாரு. கால் போச்சு. ஆளு இருக்காருண்ணா!"

அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லப் போகிறாளாம். நானும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமாம். "உங்க பேரச் சொல்லாம எப்படிண்ணா சொல்றது?"

சபைக்காரர்கள் நாங்கள் "ஜெபிச்சுக்கறேம்மா" என்பதை வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொல்வோம். மற்றவர்கள் "அப்புறம் பாக்கலாம்" என்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. கேட்கிறவர் அதைப் பெஞ்சு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் சாய்ந்து உட்காருவார் என்று யார் நினைக்கிறோம்?

சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் பிடித்துக்கொண்டிருந்ததை நானே பிடுங்கலாமா? ஆனால் சும்மா இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் நின்று என் தூக்கத்துக்கு ஸ்தோத்திரம் வாங்க வேண்டும்.

"ஸ்டெல்லாம்மா... நான் ஜெபிக்கலம்மா. தூங்கிட்டேன். நாலு மணிக்கு எழுந்து சும்மா கும்பிடு போட்டேன்."

கையை விட்டாள்.

பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த வண்டிகள் ரோட்டில் நகராமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சாப்ட்டீங்க அன்னிக்கு?"

"வத்தக்குழம்பு."

"நல்லாதான் தூக்கம் வரும்." சிரிக்கிற மாதிரி உதடு போனது. கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு மணி நேரம்ணா."

மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கினாளா தெரியாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "ஆனா அந்த நேரத்துலதான் எனக்கு பயமே கம்மியா இருந்துச்சு."

கஃபேக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சேகர் முன்னால் சக்கர நாற்காலியில். ஸ்டெல்லா மைக் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு, சார்ட்டில் இருந்த ஒவ்வொரு பேரையும் நேரத்தோடு படித்து நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள். விடியற்காலை மூணு மணிக்கு ரோஸி அக்கா... ஒன்றரைக்குப் பாஸ்டரம்மா...

அடுத்த கட்டம் என்னுடையது.

"ரெண்டு மணிக்கு..." என்று நிறுத்தினாள். என்னைத் தேடவில்லை. போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு மணிக்கு ஆண்டவர்" என்றாள். "ரெண்டரைக்கு ஞானம் அண்ணன்..."