இரண்டாவது பிரேக்

ஆகாய விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்த ஒருவன், என்னுடைய பழைய அம்பாசிடரில் உட்கார்ந்து ஆறு வருஷம் ஊர்க்காரர்களுக்கு கிளட்ச் பழக்கினான். நம்பாதவர்கள் மேற்குத் தாம்பரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். பக்தவச்சலம் டிரைவிங் ஸ்கூல் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த பக்தவச்சலம் நான்தான்.

அவன் பெயர் தாவீது. அப்பா சவுரிமுத்து சானடோரியம் ஆஸ்பத்திரியில் வார்டு ஊழியர். முடிச்சூர் பக்கம் இருந்த துண்டு நிலத்தை விற்று, மகனை மீனம்பாக்கத்துக்குப் பறக்கக் கற்றுக்கொள்ள அனுப்பினார். ஊரே சிரித்தது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். பையன் லைசென்ஸோடு வந்து எல்லோர் வாயையும் அடைத்தான். எண்பத்தாறில் ஒரு விமானக் கம்பெனி அவனைத் துணை விமானியாகப் பழக்க எடுத்துக்கொண்டது. இரண்டு முறை சோதனை வைத்தார்கள். இரண்டிலும் தோற்று வீடு வந்து சேர்ந்தான்.

ஏன் தோற்றான் என்பதை அவன் வாயிலிருந்து வாங்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. துணை விமானிக்கு ஓட்டத் தெரிந்தால் போதாதாம். பக்கத்தில் இருக்கும் கேப்டன் தப்புச் செய்தால் அந்த நிமிஷமே சொல்லவேண்டும், கேட்காவிட்டால் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். சோதனையில் கேப்டன் வேண்டுமென்றே உயரத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார், இவன் சொல்கிறானா என்று பார்க்க.

“உயரம் காட்டுற முள்ளு கீழ இறங்குறது தெரிஞ்சுது அண்ணா. அவ்ளோ பெரியவர், தெரியாமலா செய்வார்னு இருந்துட்டேன்.”

“ரெண்டாந்தபா இன்னா ஆச்சி?”

“அவரும் பெரியவர்தான் அண்ணா.”

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸை வீசாமல் விட்டது பெரிய விஷயம்.

என்னிடமும் அவன் அப்படித்தான் ஆரம்பித்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் இவன் மிதிக்கவேண்டும். தாவீது பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஹெட்மாஸ்டராக இருந்த லக்ஷ்மிநாராயணன் சார், ரிட்டையர் ஆனபிறகு கார் பழக வந்தார். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு இளநீர் வண்டியை நோக்கி அவர் நேராகப் போக, தாவீது கையைக் கட்டிக்கொண்டு “சார்... சார்...” என்று ஏதோ கிளாஸில் சந்தேகம் கேட்கிற மாதிரி முனகியிருக்கிறான். இளநீர் முப்பது ரோட்டில் உருண்டது.

“காலுக்குக் கீழ பிரேக்கு எதுக்குடா வெச்சிக்கீறேன்? வாய் எதுக்கு கீது?” என்று நான் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ரிட்டையர்டு தாசில்தாரும் மில் முதலாளி அம்மாவும் அவன் காலால்தான் தப்பினார்கள். வாய் மட்டும் திறக்கவே இல்லை. பிரேக்கை மிதித்துவிட்டு, தப்பு தன்னுடையது மாதிரி “சாரி சார்” என்பான்.

அவனுடைய ஏக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சேலையூர் பக்கம் ஏர்ஃபோர்ஸ் விமானம் வட்டமடித்தால் பேச்சு பாதியில் நின்றுவிடும். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்புகிற விமானத்தைச் சத்தத்திலேயே எது என்று சொல்லுவான். “வாத்தியார் ரோட்டைப் பார்க்காம வானத்தைப் பார்க்கிறாருங்க” என்று என்னிடம் புகார் சொல்லாதவர்கள் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் உடம்பைக் காட்டி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருவான். எதற்கு என்று அவன் மனைவி ஞானசௌந்தரி ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

“விட்டுட்டா போயிடும் அண்ணா” என்றான்.

தொண்ணூற்று மூன்றில் புதிதாக வந்த ஒரு கம்பெனி விமானிகள் வேண்டும் என்று பேப்பரில் போட்டது. விண்ணப்பத்தில், இதற்கு முன் சோதனையில் தோற்றதுண்டா என்று ஒரு கேள்வி. “இரண்டு முறை” என்று எழுதி, தேதியும் போட்டான். அவன் குடியிருந்த புது மனைத் தெருவுக்குத் தபால்காரர் வருவது அபூர்வம் என்பதால், விலாசத்துக்கு என் டிரைவிங் ஸ்கூல் கடையைக் கொடுத்தான். அதற்குப் பிறகு தினமும், “அண்ணா, தபால் வந்துச்சா?”

ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை பம்பாயில் இன்டர்வியூ என்று போட்டிருந்தது. அவன் வண்டியில் இருந்தான், நான் தனியாக இருந்தேன். கடிதத்தைத் திரும்ப ஒருமுறை படித்தேன். அவன் போய்விட்டால் ஸ்கூல் நடக்காது என்பது ஒரு பக்கம். அவன் இல்லாமல் எனக்குப் பொழுது போகாது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிசு. மறுபடி தோற்று அதே முகத்தோடு வருவான், எதற்கு அந்தப் பாடு என்று எனக்கே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். சாயந்திரம் வண்டி திரும்பியதும், அவன் கை போகாத இடமாக, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கிற பலகைக்குப் பின்னால் கடிதத்தைச் செருகி வைத்தேன்.

“அண்ணா, தபால்?”

“இல்லப்பா.”

செவ்வாயும் அதையே சொன்னேன். புதனும் அதையே சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் குரோம்பேட்டையில் ஒரு வேலை முடித்துத் திரும்பினோம். நான் ஓட்ட, அவன் இடது பக்கம். மூன்று நாளாக எனக்குச் சரியாகத் தூக்கமில்லை, புத்தி ரோட்டில் இல்லை. ஓரமாக ஒரு மணல் லாரி நின்றிருந்ததை நான் பார்க்கவே இல்லை. அவன் மிதித்தான். வண்டி குலுங்கி நின்றதும் பலகைக்குப் பின்னால் இருந்த காகிதமெல்லாம் சரிந்தது. கடிதம் வழுக்கிக்கொண்டு போய் அவன் மடியில் விழுந்தது.

படித்தான். உறையைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தான். வழக்கம்போல ‘சாரி அண்ணா’ சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட மாட்டானா என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் நிஜம்.

“இது திங்கட்கிழமை வந்திருக்கு” என்றான். “நீங்க செஞ்சது தப்பு அண்ணா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“தப்பு. இப்ப இறங்குங்க. வண்டிய நான் எடுத்துக்கறேன்.”

என் வண்டி, என் சீட்டு. இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு சட்டையும் சர்டிபிகேட்டும் எடுத்துக்கொண்டு நேரே சென்ட்ரலுக்கு விட்டான். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிக்கபா” என்றேன். அவன் என் கையைத் தொட்டான். அதற்குமேல் நேரமில்லை.

பம்பாயில் கேள்வி கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து ஐதராபாத்துக்கு வரச்சொன்னார்கள். விமானம் மாதிரியே ஆடுகிற ஒரு பெட்டிக்குள் வைத்துச் சோதனை. வேலை கிடைத்ததும் திரும்பி வந்து, முதலில் என் கடைக்குத்தான் வந்தான்.

“கேப்டன் அதே மாதிரி கீழ கொண்டுபோனார் அண்ணா. தலையெல்லாம் நரை. எனக்கு வாய் வரலை. அப்ப உங்க மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. அண்ணாகிட்டயே சொல்லிட்டோம், இவர்கிட்ட சொன்னா என்னான்னு தோணுச்சு. சொல்லிட்டேன். கேக்கலை. கையில எடுத்துக்கிட்டேன்.”

கடையில் ஆள் இருந்தார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். அவன் கொண்டுவந்த ஸ்வீட்டை எனக்கே ஊட்டிவிட்டான். துணை விமானிக்கு வலது பக்கத்துச் சீட்டு, நம்ம வண்டியில் பழகுகிறவர் உட்காரும் பக்கம் என்று சொல்லிச் சிரித்தான்.

வேறு ஆள் போட மனசு வரவில்லை. இப்போது இடது பக்கம் நானே உட்காருகிறேன். சாயந்திரம் குன்றத்தூர் பக்கமாகத் தாழ இறங்கும் விமானம் இங்கிருந்து தீக்குச்சி அளவுதான் தெரியும். அவனாக இருக்குமோ என்று பார்ப்பேன். அது தரையை நெருங்க நெருங்க என் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிடுகிறது. ரோட்டைப் பாருங்க சார் என்று பழக வந்தவர்கள் திட்டுகிறார்கள்.