கேபினெட்டுக்குள் இருந்த பொட்டலம்

1. மதினியின் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது.
2. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு இன்னொன்றைச் சேர்த்துவிடலாம், சின்ன வேலைதான் என்று நான் சொன்னேன்.
3. புது டிஸ்க்கும் அதற்கு ஒரு கேபிளும் வாங்கி வந்தேன்.
4. கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
5. திரும்ப மூடிவிட்டு, கொல்லைக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
6. கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி திறந்தேன்.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே பார்த்ததைச் சொல்வதற்கு முன், அந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி, சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்குச் சேலைக் கரையும் முந்தியும் வரைந்து கொடுக்கிறார். திரையில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் ஓர் இழை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வரைந்த அத்தனையும் அந்த ஒரே டிஸ்க்கில்தான். நகல் கிடையாது. தீபாவளிக்காக ஒரு தறிக்காரர் கேட்டிருந்த புது வரிசையும் அதிலேயே இருந்தது.

"பழசுல மட்டும் கை வச்சிராத தாயி. எம் பொழப்பே அதுக்குள்ளதான் கெடக்கு" என்று நான் திறக்கும் முன்பே மதினி சொல்லியிருந்தார்.

திறந்ததும் முதலில் வாடைதான் வந்தது. மக்கிய துணியும் கரப்பானும் சேர்ந்த வாடை. காற்றாடியின் இறக்கைகளில் சாம்பல் நிறத்தில் முடியும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருந்தன. அடித்தட்டில் ஊதிக் கறுத்துப்போன பொரி. அதன்மேல் கரப்பான் எச்சம், மிளகைத் தூவியதுபோல. மூலையில் பல்லி முட்டை ஓடுகள், ஒயர்களின்மேல் பல்லிப் பீ. கரப்பான் முட்டைப் பைகள் மதர்போர்டில் வரிசையாக ஒட்டியிருந்தன. இவை எல்லாவற்றின்மேலும் செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு.

பொரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆயுதபூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கேபினெட்டின் தலையில் பொரியும் கடலையும் வெல்லமும் குவிப்பது அண்ணனின் வேலை. அந்தக் கேபினெட்டின் மேல்பக்கம் முழுக்கச் சல்லடை. ஓட்டை வழியே உள்ளே விழுந்தது போக மிச்சத்தை அள்ளி எல்லோரும் தின்போம். நானும் தின்றிருக்கிறேன். போன வருடம் ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். கொல்லையில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மண்தான் விளங்கவில்லை. காற்றாடிக்கு முன்னால் கிடந்த ஒரு கிழிந்த காகிதப் பொட்டலத்தை இடுக்கியால் எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் காட்டினேன்.

"ஏண்ணே, இது என்னது?"

"புத்துமண்ணு."

"கம்ப்யூட்டருக்குள்ளயா?"

"உள்ள பூச்சி ஓடுதுன்னு ஒம் மதினிதான் சொன்னா. கோயில்ல இருந்து கொண்டாந்து வச்சேன். அது இருந்தா பூச்சி பொட்டு அண்டாதுல்லா?"

"பூச்சி வந்ததே நீ வச்ச பொரிக்குத்தான்."

"சரஸ்வதிக்குப் பொரி வைக்காம? நல்லாப் பேசுத ஏட்டி நீ."

மதினி கதவருகே நின்றிருந்தார். "நான் மருந்து அடிக்கத்தானே சொன்னேன்? மண்ணைக் கொண்டுபோயி காத்தாடிக்கு முன்னால வச்சியளா?"

"அது காத்தாடின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சுத்திக்கிட்டுல்லா இருந்துச்சு. கிரைண்டர்னு நெனச்சியளோ?"

எங்கள் ஊரில் புற்றுமண் இல்லாத வீடு இல்லை. நெற்றியில் இடுவார்கள், சிரங்கில் தடவுவார்கள், வீட்டில் ஒரு பொட்டலம் வைத்திருப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பொட்டலத்தைக் காற்றாடியின் வாயில் வைத்த ஆளிடம்தான் குறை. மழைக்காலத்தில் காகிதம் நைந்து கிழிந்திருக்கிறது. காற்றாடி அந்த மண்ணை இழுத்து உள்ளே எல்லா இடத்திலும் அடித்திருக்கிறது.

சுரண்டி எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, புது டிஸ்க்கை அதற்குரிய இடத்தில் வைத்துத் திருகினேன். கேபிள்களை மாட்டி ஆன் செய்தேன். கம்ப்யூட்டர் தொடங்கவில்லை. என்னென்ன இணைந்திருக்கிறது என்று காட்டும் செட்டப் திரையில் பார்த்தால், புது டிஸ்க் மட்டும் தெரிந்தது. பழையது இல்லை.

"போச்சா?" என்றார் மதினி. ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சொல்ல முடியாது மதினி."

"புதுசு நல்லாத்தானே இருக்கு. பெறவு என்ன?" என்றான் அண்ணன். டம்ளரைத் தரையில் வைத்தான். வைத்த இடம், நான் அள்ளிப்போட்ட கரப்பான் குவியலுக்குப் பக்கத்தில். அதற்குப் பிறகு அதே டம்ளரை எடுத்துக் கடைசி மடக்கையும் குடித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். கேபிள் செருகும் இடத்தில் மண்ணும் பல்லி எச்சமும் சேர்ந்து, சூட்டில் வெந்து, சுட்ட செங்கல் மாதிரி ஆகியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழுப்பாக ஒரு குழம்பு வழிந்தது. என் லேப்டாப்பில் இணைத்தால் டிஸ்க் தெரியும், உடனே மறையும். செருகிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் நின்றது. கையுறை போட்டால் பிடி வழுக்கியது. கழற்றிவிட்டு வெறும் விரலால் பிடித்தேன்.

"எதை முதல்ல எடுக்க?"

"தீபாவளி."

அந்த ஃபோல்டர் வரவில்லை. கடைசியாக எழுதப்பட்டது அது. காற்றில்லாமல் டிஸ்க் கொதித்துக் கிடந்த நாட்களில் எழுதப்பட்டது. திரும்பத் திரும்ப முயன்றேன். உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மதினி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "அதை விடு. நிக்கதுக்குள்ள மத்ததை எடு" என்றார். குரல் மாறவே இல்லை. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க வெளிய போயி உக்காருங்க" என்றார் அதே குரலில். அவன் போனான்.

மற்றவை வந்தன. வந்து முடிந்ததும் நான் மறுபடி கொல்லைக்குப் போனேன். விரலில் அந்த வாடை ரெண்டு நாள் இருந்தது. இடது கையால் சாப்பிட முடியுமா என்றுகூட யோசித்தேன்.

இப்போது நிலைமை இது. புது டிஸ்க் நன்றாக ஓடுகிறது. தீபாவளி வரிசை தவிர மதினியின் டிசைன்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு நகல் பீரோவில் இருக்கிறது. கேபினெட்டைத் திறக்கும் ஸ்க்ரூ டிரைவரும் பீரோவில்தான், சாவி மதினியிடம். புற்றுமண் சாமி படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் இருக்கிறது. தீபாவளி வரிசையில் ஒன்றுக்கு மட்டும் மாதிரிச் சேலை நெய்திருந்தார்கள். மதினி அதை வாங்கி வந்து, லென்ஸ் வைத்து இழை எண்ணித் திரும்ப வரைகிறார். மற்றவற்றை ஞாபகத்திலிருந்து வரைகிறார். கொஞ்சம் தாமதமாகும் என்று தறிக்காரரிடம் சொல்லியாயிற்று. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.