கடைசி அறைப் பேய்

காரைக்குடிக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் புதிதாகப் பேய் பங்களா திறந்திருக்கிறார்கள். இருட்டுக்குள் வண்டி தானாக நகர்கிறது. எதிர்ப்படும் பொம்மைப் பேய்களை ஒளித் துப்பாக்கியால் சுட வேண்டும். என் பக்கத்து இருக்கையில் இருக்கும் அமராவதிபுதூர்ப் பெண் ஒன்றையும் விடாமல் சுட்டுத் தள்ளுகிறார்.

கடைசி அறையில் பேய் வேடமிட்ட நிஜ மனிதர் ஒருவர் அலறிக்கொண்டு பாய்கிறார். நான் குறி பார்க்கிறேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"சுடாதீக. அது எங்க வீட்டுக்காரரு. ஆபீஸ் வேலைன்னு சொல்லித்தான் தெனமும் இங்குட்டு வாராரு. நேத்துத்தான் தெரிஞ்சுச்சு."

மனைவியைக் கண்டதும் பேய் அலறலை நிறுத்திவிட்டுத் தலை குனிகிறது.

"ஏன் நிப்பாட்டிட்டீக? நல்லாத்தான இருக்கு, கத்துங்க" என்கிறார் அவர்.

வண்டி வெளிச்சத்துக்கு வந்த பிறகும் அந்த அலறல் கேட்கிறது.